தொள்ளாயிரத்து ஐம்பதாவது பட்டாளம்

எங்கள் பண்பொழியிலே யாராவது ஒருவன் காதும் காதும் வைத்தாற்போல் ஒரு பெரிய காரியத்தை முடித்துவிட்டு வந்தால், "அவன் சரியான எம்டன்!" என்று சொல்லுவார்கள். அப்படிச் சொல்லும் கிழவிக்கு எம்டன் என்பது ஒரு ஜெர்மன் யுத்தக் கப்பலின் பெயர் என்பது தெரிந்திராது. 1914-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு அந்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் குண்டு போட்டுக் கொளுத்தியது. வந்த சுவடு தெரியாமல் இருளில் மறைந்துவிட்டது. பட்டணத்து ஜனங்கள் ஆயிரக் கணக்கில் மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர்களுக்கு ஓடினார்கள். அதே வருஷம் நவம்பர் மாதத்தில் கோக்கோஸ் தீவுகளின் அருகே ஓர் ஆஸ்திரேலியக் கப்பலிடம் எம்டன் அடிபட்டு அழிந்தது. கப்பல் போயிற்று, சொல் மட்டும் நம் நாவிலே தங்கிவிட்டது.

திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழரான செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்று ஒரு கதை உண்டு. சரித்திரக்காரர்கள் இதை ஒப்புவதில்லை. ஒப்பாவிட்டால் என்ன? அந்தக் கதை நம்மவர்களுக்கு வேண்டியிருந்தது. எங்கள் ஊருக்குச் சில மைல் தூரத்தில் இருக்கும் செங்கோட்டையிலே பிறந்த வாஞ்சிநாதன், மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தானும் மடிந்து அப்போது மூன்று வருஷந்தான் ஆகியிருந்தது. வெள்ளைக்காரனை எதிர்த்து எவன் எங்கிருந்து வந்தாலும் அவன் நம்மவனாகவே தோன்றிய காலம் அது. இந்தத் தோற்றந்தான் பிற்பாடு சில ஆயிரம் இந்தியர்களை வெகு தூரத்துக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. அவர்களைப் பற்றியே இங்கே எழுத உத்தேசித்தேன்.

கிழக்கே நேதாஜி நடத்திய இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றித் தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழர்கள் அதிலே சேர்ந்தார்கள். ஆனால் நேதாஜி கிழக்கே போவதற்கு முன்பே, ஜெர்மனியில் இந்தியர்களைக் கொண்டு ஒரு காலாட்படை அமைத்தார் என்பது பலருக்குத் தெரியாது. ஜெர்மன் சேனையின் கணக்கிலே அதற்கு 950-வது காலாட்படை ரெஜிமெண்டு என்று பெயர். அதன் சிப்பாய்கள் ஜெர்மன் உடுப்புத்தான் உடுத்தார்கள். வலது கையின் மேற்புறத்தில் மட்டும் காவி, வெள்ளை, பச்சை வர்ணங்களுக்கு நடுவே பாயும் புலி ஒன்று தைத்திருக்கும். அதன் மேலே "சுதந்திர இந்தியா" என்று ஜெர்மன் மொழியில் எழுதியிருக்கும்.

எனக்கு அது தெரிய வந்தது தற்செயலாகத்தான். காலேஜிலே படித்துக்கொண்டிருந்தபோது லீவுக்கு ஊருக்கு வருகையில், யுத்த சரித்திரம் கூறும் ஆங்கிலப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். அதிலே ஒரு புகைப்படம். மணல் நிறைந்த ஒரு கடற்கரை. சிமிட்டி கொண்டு கட்டிய காவல் அரண். அதன் அருகே தலைப்பாகையும் தாடியுமாகச் சில சீக்கியர்கள். மார்பிலே ஜெர்மன் கழுகு! படத்தின் கீழே பிரான்ஸ் தேசம் என்று போட்டிருந்தது. அச்சுக்காரன் தவறுதலாகப் படத்தை மாற்றிப் போட்டுவிட்டான் என்றே முதலில் எண்ணினேன்.

அப்படி எண்ணியதற்கு எங்கள் வீட்டிலேயே காரணம் இருந்தது. என் தாய்வழிப் பாட்டனார் அதே யுத்தத்தில் அதே ஜெர்மானியர்களை எதிர்த்து நின்றவர். யுத்தத்துக்குச் சற்று முன்னால் அவர் பெங்களூருக்குப் போய் மதராஸ் சாப்பர்ஸ் படையிலே சேர்ந்தார். தேசபக்தியும் காரணமல்ல, ராஜபக்தியும் காரணமல்ல. இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் பிசானம் பொய்த்துப் போனதுதான் காரணம். அந்த யுத்தத்தில் பிரிட்டிஷ் கொடியின் கீழ்ச் சேர்ந்த இந்தியர்கள் சுமார் 25 லட்சம் பேர். அவர்களிற் பெரும்பாலோரைச் சேர்த்துவிட்டது வயிறுதான் என்பது என் அபிப்பிராயம்.

சாப்பர் என்பவன் துப்பாக்கிக்காரனுக்கும் முன்னால் போகிறவன். பாதை போடுவது, பாலம் கட்டுவது, பூமியிலே புதைத்து வைத்த வெடியைத் தேடி எடுப்பது எல்லாம் அவன் வேலை. மதராஸ் சாப்பர்கள் அனைவருக்கும் ராணுவத்தில் "தம்பி" என்றே செல்லப் பெயர். தாத்தா செங்கழுகைச் சின்னமாகக் கொண்ட நாலாவது இந்திய டிவிஷனோடு இருந்தார். 1941-ல் எரித்ரியாவில் கெரன் மலைச் சண்டை. பிறகு ஆப்பிரிக்கப் பாலைவனம். 1944-ல் இத்தாலியிலே காஸினோ. எங்கள் ஊர்த் திருமலைக் கோயிலுக்குப் படியேறும்போதெல்லாம் அவர் பாதி வழியிலே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "இதே மாதிரி மலை உச்சியிலே ஒரு மடம்லே. கீழே நாங்க சகதியிலே கிடந்தோம்" என்பார். அந்த மடத்தை 1944-ம் வருஷம் பிப்ரவரி 15-ந் தேதி ஆகாய விமானங்கள் இடித்துத் தரைமட்டமாக்கின. அச்சமயம் உள்ளே ஜெர்மன் சிப்பாய்கள் இருக்கவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. இடிபாடுகளிலே அவர்கள் வந்து புகுந்துகொண்ட பின்னர்த்தான் மலையைப் பிடிப்பது இன்னும் கஷ்டமாயிற்று. இந்தியர்களும் கூர்க்காக்களும் நியூஸிலாந்துக்காரர்களும் அந்தச் சரிவுகளிலே ஆயிரக் கணக்கில் விழுந்தார்கள்.

தாத்தாவின் கதை இருக்கட்டும். புகைப்படத்தில் நின்றவர்களின் கதைக்கு வருவோம்.

சுபாஷ் பாபு 1941-ம் வருஷம் ஜனவரி மாதம் கல்கத்தாவில் வீட்டுக் காவலிலிருந்து தப்பினார். காபூலும் மாஸ்கோவும் கடந்து ஏப்ரல் தொடக்கத்தில் பெர்லின் போய்ச் சேர்ந்தார். அதே ஏப்ரலில் லிபியாப் பாலைவனத்தில் ஜெர்மன் தளபதி ரோமெல், மெக்கிலி என்ற இடத்தில் இந்திய மோட்டார்ப் பிரிகேடு ஒன்றை மடக்கிப் பிடித்தார். பாலைவனத்தில் அகப்பட்ட இந்தியர்கள் வரவர அதிகமானார்கள். இவர்களைக் கொண்டு ஒரு சேனை அமைத்தால் என்ன என்பது சுபாஷ் பாபுவின் யோசனை. ஜெர்மானியர் ரஷ்யாவை வென்று காகஸஸ் மலைகளைத் தாண்டி வருவார்கள். ஆப்கானிஸ்தானத்து எல்லையில் இந்தச் சேனை முன்னணியாக நிற்கும். எதிரே பிரிட்டிஷ் உடுப்பில் நிற்கும் இந்தியச் சிப்பாய் தன் சகோதரனைக் கண்டு துப்பாக்கியைக் கீழே போடுவான். கேட்பதற்கு எவ்வளவு அழகான திட்டம்! திட்டத்தின் ஒவ்வொரு படியும் ஹிட்லரின் வெற்றியை நம்பி இருந்தது என்பது ஒன்றுதான் அதன் கோளாறு.

அன்னபுர்க் என்ற ஊரில் இருந்த கைதி முகாமுக்குச் சுபாஷ் பாபு நேரே போய்ப் பேசினார். ஆரம்பத்தில் உற்சாகமான வரவேற்புக் கிடைக்கவில்லை. முக்கியமாக, சர்வீஸ் அதிகமான ஹவில்தார்களும் ஜமேதார்களும் முகம் திருப்பிக்கொண்டார்கள். உப்பிட்டவனுக்குத் துரோகம் செய்யலாமா என்ற கேள்வி ஒரு பக்கம். நாம் சேர்ந்துவிட்டால் ஊரிலே பெண்டாட்டி பிள்ளைகளுக்கு மாதா மாதம் போகிற பணம் நின்றுவிடுமே என்ற கவலை மறு பக்கம். சேர்ந்தவர்கள் முதலில் ஸாக்ஸனி மாகாணத்துப் பிராங்கன்பெர்க்கிலும், பிறகு கோனிக்ஸ்ப்ரூக்கிலும் பயிற்சி பெற்றார்கள். மூன்று பட்டாலியன்கள் ஆயின. கடைசிவரை சேர்ந்த மொத்தத் தொகை சுமார் 2,500-க்கு மேல் இருக்கும். அகப்பட்ட இந்தியர்களில் பெரும்பாலோர் சேரவில்லை. முள்கம்பிக்குள்ளேயே யுத்தத்தைக் கழித்தார்கள்.

ஆனால் சேர்ந்தவர்கள் நடுவே ஒரு புதுமை நிகழ்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிரிட்டிஷ் இந்தியச் சேனையிலே சீக்கியருக்கு ஒரு கம்பெனி, முஸல்மான்களுக்கு ஒரு கம்பெனி, ராஜபுத்திரருக்கு ஒரு கம்பெனி என்று பிரித்து வைப்பது வழக்கம். சுபாஷ் பாபு அதைக் கலைத்தார். ஒரே கம்பெனியில் எல்லோரும் கலந்து நின்றார்கள். அப்படிக் கலந்து நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்க்கும்போது என்ன சொல்லி வணங்குவது? நமஸ்தே, சலாம், ஸத் ஸ்ரீ அகால் என்று ஆளுக்கொன்று சொல்லாமல் பொதுவாக ஒரு சொல் வேண்டியிருந்தது. சுபாஷ் பாபுவின் காரியதரிசியான அபித் ஹஸன் "ஜெய் ஹிந்த்" என்ற வணக்கத்தைச் சொல்லிக் கொடுத்தார் என்பது பலர் கூறும் வரலாறு. "நேதாஜி" என்ற பட்டமும் முதலில் ஜெர்மனியிலேதான் வழங்கியது. பெர்லினில் அமைத்த சுதந்திர இந்திய ரேடியோவின் ஒலிபரப்பில் தமிழும் ஒரு மொழியாக இருந்தது.

இந்தப் பட்டாளத்தார் எடுத்துக்கொண்ட பிரமாணத்தைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். சுபாஷ் சந்திர போஸைத் தலைவராகக் கொண்டு நடக்கும் இந்தியப் போராட்டத்தில், ஜெர்மன் சேனைகளின் தலைவரான அடால்ப் ஹிட்லருக்குக் கீழ்ப்படிவேன் என்பது அதன் சாரம். ஒரே வாக்கியத்தில் இரண்டு எஜமானர்கள்! 1942-ம் வருஷம் மே மாத இறுதியில் சுபாஷ் பாபு ஹிட்லரைச் சந்தித்தார். இந்தியாவின் சுதந்திரத்தை ஆதரித்து ஓர் அறிக்கை வேண்டும் என்று கேட்டார்; கிடைக்கவில்லை. இந்தியர்களை இழிவாகச் சொல்லும் பகுதி ஹிட்லரின் சுயசரிதையில் உண்டு; அதைப் பற்றியும் சுபாஷ் பாபு குறை கூறினார். அதற்கும் நேரான பதில் இல்லை.

1943-ம் வருஷம் பிப்ரவரி 2-ந் தேதி ஸ்டாலின்கிராடில் எஞ்சியிருந்த ஜெர்மன் சேனையும் சரணடைந்தது. காகஸஸ் வழி அடைபட்டது. ஒரு வாரம் கழித்து, கீல் துறைமுகத்தில் நேதாஜி ஒரு நீர்மூழ்கிக் கப்பலில் ஏறினார். கூடப் போனவர் அபித் ஹஸன் ஒருவர்தான். மடகாஸ்கருக்கு அருகே நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறிக் கிழக்கே போனார். அதற்குப் பின் நடந்தவை எல்லோருக்கும் தெரியும்.

பின்னால் விட்டுச் சென்ற பட்டாளத்துக்கு என்ன ஆயிற்று? மூன்று மாதத்துக்குள் அதை மேற்கே, பெல்ஜியத்துக்கும் ஹாலந்துக்கும் கொண்டு போனார்கள். இந்தியாவின் விடுதலைக்காக மட்டுமே எங்களை உபயோகிப்பதாகச் சொன்னீர்களே என்று சில சிப்பாய்கள் புறப்பட மறுத்தார்கள். அவர்களுக்கு ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை கிடைத்தது. மற்றவர்கள் ஹாலந்தின் கடற்கரையில் ஸான்ட்வோர்டிலும், டெக்ஸல் தீவிலும் காவல் காத்தார்கள். இலையுதிர் காலத்திலே மேலும் தெற்கே, பிரான்ஸில் போர்டோ நகருக்கு அருகே லகனோ என்ற கடற்கரைக்கு மாற்றினார்கள். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் கப்பலில் வந்து இறங்காமல் ஜெர்மானியர் கட்டிய நீண்ட கடற்கரை அரணில் ஒரு துண்டு அவர்கள் பங்குக்கு வந்தது. நான் புத்தகத்திலே கண்ட மணல் அதுதான்.

தன் நாட்டை அந்நியன் பிடியிலிருந்து விடுவிக்க வந்தவன், இன்னொரு நாட்டின் மேல் அந்நியன் போட்ட பூட்டுக்குக் காவலாளி ஆனான். ஹாலந்துக்காரனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் வீதியிலே போகும் ஜெர்மன் உடுப்பு எப்படித் தோன்றியிருக்கும்? தூத்துக்குடியிலே வெள்ளைக்காரச் சோல்ஜர் நமக்கு எப்படித் தோன்றினானோ அப்படித்தான். அவர்கள் காவல் காத்த அதே வருஷங்களிலே ஹாலந்திலிருந்து லட்சத்துக்கு மேற்பட்ட யூதர்களை, குழந்தை குட்டிகளோடு ரயிலேற்றிக் கொலைக்களத்துக்கு அனுப்பினார்கள். இது சிப்பாய்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பெர்லினிலே இரண்டு வருஷம் இருந்த தலைவர் ஒருவருக்கு அந்த ஆட்சியின் இயல்பு தெரியாமல் இருந்திருக்க முடியாது. நேதாஜியின் தியாகத்தை நினைத்துத் தலை வணங்குகிறேன். இந்த ஒரு விஷயத்தில் அவர் செய்த கணக்கை என்னால் ஒப்ப முடியவில்லை.

1944-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் ரோமெல் லகனோவுக்கு வந்து இந்தியப் பட்டாளத்தைப் பார்வையிட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் பாலைவனத்தில் தாம் பிடித்த கைதிகள், இப்போது தம் முன்னே வரிசையாக நின்று மரியாதை செய்வதை அவர் கண்டார். அதே மாதம் காஸினோ மலையடியில் நாலாவது இந்திய டிவிஷன் ரத்தம் சிந்திக்கொண்டிருந்தது. 24-ந் தேதி, மிக்னானோ என்ற ஊருக்கு அருகே, மதராஸ் சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியன் தம் ஆட்களுடன் கண்ணிவெடிகளை அகற்றிக்கொண்டிருந்தார். ஒருவன் கால் பட்டு ஒரு வெடி உயிர் பெற்றுவிட்டது. அது மேலே எழும்பி வெடிப்பதற்குள் சில விநாடிகளே இருந்தன. சுபேதார் அதன்மேல் குப்புற விழுந்து தம் உடம்பினால் மூடினார். மற்றவர்கள் பிழைத்தார்கள். செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த இந்தத் தமிழருக்கு இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் என்ற பதக்கம் வழங்கினார்கள். தாத்தாவுக்கு அவரோடு நேரிற் பழக்கம் இல்லை. ஆனால் பெயரைச் சொல்லும்போது எழுந்து நிற்பார்.

லகனோவிலே கடைசிவரை யாரும் வந்து இறங்கவில்லை. எதிரிகள் ஜூன் மாதத்திலே வெகு தூரம் வடக்கே, நார்மண்டியில் இறங்கினார்கள். ஆகஸ்டு 8-ந் தேதி பட்டாளத்தை ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் நிர்வாகத்துக்கு மாற்றி உத்தரவு பிறந்தது. அந்தப் பெயரால் உலகம் எப்படிப்பட்ட காரியங்களை நினைவு வைத்திருக்கிறது என்பது தெரிந்ததே. 1944-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி அவர்கள் லகனோவை விட்டுப் பின்வாங்கினார்கள். ஆம், ஆகஸ்டு 15! சரியாக மூன்று வருஷம் கழித்து அதே தேதியில் டில்லியில் நம் கொடி ஏறும் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருக்க முடியும்?

பிரான்ஸின் குறுக்கே ஜெர்மனியை நோக்கி நடந்த அந்த நடை பரிதாபமானது. வழியெங்கும் பிரெஞ்சுத் தேசபக்தர்கள் மறைந்திருந்து தாக்கினார்கள். கையில் அகப்பட்ட இந்தியர்கள் சிலரைச் சுட்டுக் கொன்றார்கள். இந்தியச் சிப்பாய்கள் வீடு புகுந்து கொள்ளையிட்டார்கள், பெண்களிடம் கொடுமை செய்தார்கள் என்று அப்பக்கத்து ஜனங்களும் குற்றஞ் சாட்டினார்கள். நம்மவர்கள் என்பதற்காக இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. எஞ்சியவர்கள் ஹாய்பெர்க் என்ற ராணுவ முகாமிலே பனிக்காலத்தைக் கழித்தார்கள். 1945-ம் வருஷம் மார்ச் மாதத்தில் ஹிட்லர் தம் தளபதிகளோடு பேசும்போது, இந்தியப் பட்டாளம் ஒரு வேடிக்கை என்று பரிகசித்து, அவர்களுடைய ஆயுதங்களை உபயோகமுள்ளவர்களுக்குக் கொடுக்கலாம் என்ற பொருளில் பேசினார். பிரமாணம் வாங்கிக்கொண்ட எஜமானர் கொடுத்த நற்சாட்சிப் பத்திரம் இது. யுத்தம் முடிகிற தறுவாயில் அவர்கள் ஸ்விட்ஜர்லாந்துக்குப் போய்த் தப்பலாம் என்று மலைகளை நோக்கி நடந்து, பிரெஞ்சு, அமெரிக்கப் படைகளிடம் அகப்பட்டார்கள். கைதிகளாக இந்தியாவுக்குத் திரும்பினார்கள். கிழக்கத்திய ராணுவத்தாரின் செங்கோட்டை விசாரணையினால் தேசமே கொதித்துக்கொண்டிருந்த காலம். அந்த ஆரவாரத்தில் இவர்களைப் பற்றி அதிகம் பேசுவார் இல்லை.

அன்று மாலை நான் அந்தப் புகைப்படத்தைத் தாத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திண்ணையிலே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏலே, இவனுவ நம்ம ஆளுவல்லா? ஏன் ஜெர்மன்காரன் கோட்டைப் போட்டிருக்கானுவ?" என்றார்.

படித்ததை எல்லாம் சொன்னேன். அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வாலிபத் துடுக்கிலே கேட்டேன்: "தாத்தா, பாலைவனத்திலே நீங்க அகப்பட்டிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

உள்ளேயிருந்து ஆச்சி, "விளக்கு வைக்கிற நேரத்திலே என்ன பேச்சு இது?" என்று அதட்டினாள்.

தாத்தா வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தெரியலைலே. முள்வேலிக்குள்ளே பசியோட கிடக்கிறவன்கிட்டே வந்து, உன் தேசத்துக்காகன்னு ஒருத்தன் சொன்னா என்ன தோணுமோ, தெரியலை" என்றார்.

"வெள்ளைக்காரன் உப்பைத் தின்னுட்டு எப்படிப் போவாங்க தாத்தா?"

"உப்பு எந்த ஊரு உப்பு? தூத்துக்குடி உப்புதானலே. அவன் எங்கேயிருந்து கொண்டாந்தான்?"

அப்புறந்தான் அந்த மராட்டியரைப் பற்றிச் சொன்னார். கெரன் மலையிலே பழக்கமான சிப்பாய். நாலாவது டிவிஷனின் பதினோராவது பிரிகேடில் இருந்தவர். தாத்தா அவரைப் பாவூ என்று கூப்பிடுவாராம். மராட்டியில் அதற்கு அண்ணன் என்று பொருள். அவர் தாத்தாவைத் தம்பி என்று கூப்பிடுவார்; தமிழில் அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். இருவரும் ஒரு பொட்டலம் புகையிலையைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். 1942-ம் வருஷம் ஜூன் மாதம் டோப்ருக் கோட்டை விழுந்தபோது அந்தப் பிரிகேடு முழுவதும் ஜெர்மானியர் கையில் சிக்கியது. தாத்தா வேறிடத்தில் இருந்தபடியால் தப்பினார். பாவூவைப் பற்றி அப்புறம் எந்தத் தகவலும் இல்லை. கைதி முகாமிலே கிடந்தாரோ, ஊர் போய்ச் சேர்ந்தாரோ, அல்லது இந்தப் படத்தில் உள்ளவர்களோடுதான் சேர்ந்தாரோ!

தாத்தா புத்தகத்தை வாங்கி விளக்கின் பக்கமாகத் திருப்பினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேஷ்டித் தலைப்பிலே துடைத்து மாட்டிக்கொண்டார். தலைப்பாகைக்காரர்களுக்குப் பின்னால், அரணின் நிழலிலே மங்கலாக நின்ற இரண்டு மூன்று முகங்களின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதிலே இல்லை" என்றார். பிறகு ஏட்டைப் புரட்டிக்கொண்டே, "வேறே படம் ஏதாச்சும் இருக்காலே?" என்று கேட்டார்.